காலைப் பார்த்தோம், ஆளைப் பார்த்தோமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

சேர்வராயன் மலையில் பிறந்தவனுக்கு ஏற்காடு என்றால் ஏரியும் படகும் மலர்க் கண்காட்சியும் மட்டுந்தானா? மிளகுக் காலமும் அதில் சேரும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறித்தான் பறிக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன், மாசி மாதக் காலையொன்றில், என் சித்தப்பா அப்படியோர் ஏணியிலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. விலா எலும்புகள் இரண்டு போயின. மண்ணீரலும் கிழிந்திருந்தது, அது எங்களுக்குத் தெரியாது. கோணிக் கிடந்த கால் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. எல்லோரும் காலையே பார்த்தோம்.

போர்வையில் தூளி கட்டித் தார்ச்சாலை வரை தூக்கி வந்தோம். கால் ஊசலாடிக்கொண்டே வந்தது. "புத்தூருக்குக் கொண்டு போயிடலாம்டா, மூணு கட்டுல நடந்துடுவான்" என்றார் பெரிய மாமா. (மணிக்கட்டு மட்டும் பிசகியவர்கள் அந்த ஆந்திரத்துக் கட்டை நாடிப் போனால் அவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.) அம்மா பிடிவாதம் பிடித்ததால் 108 வண்டியில் சேலத்துக்கு இறங்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றிலும் சித்தப்பா முனகினார்.

அன்றிரவே வயிற்றைத் திறந்து மண்ணீரலை அகற்றினார்கள். காலுக்கோ வெளியிலிருந்து கம்பிகளைச் செருகி, ஒரு சட்டத்தில் பூட்டியதோடு சரி. நாட்கள் போயின, காலில் யாரும் கை வைக்கவில்லை. "ஏழை என்றால் இப்படித்தான்" என்று எங்கள் சனம் வராந்தாவில் கொதித்தது. எழுதிக் கொடுத்துவிட்டு அழைத்துப் போகத் தாள் கேட்கப் போனவன் வேறு யாருமல்லன், நான்தான். வீட்டில் படித்தவன் நான் ஒருவன் அல்லவா! பணியிலிருந்த செவிலியர் அதட்டி அனுப்பியிராவிட்டால் அன்று என்ன ஆகியிருக்குமோ. ஏழாம் நாள் எலும்புக்குள் கம்பி வைத்தார்கள்.

அந்தக் காத்திருப்பு அலட்சியமில்லை என்பது பின்னால் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. நம் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் குருதி ஓடுகிறது. தோல் கிழியாமலே, முறிந்த தொடைக்குள் 1 லிட்டருக்கு மேல் தேங்கிவிடக்கூடும். ஆகவே காலை அசையாமல் கட்டுவது உடனே செய்ய வேண்டிய வேலை. முதல் உலகப் போரில் தாமஸ் சிம்பு வந்த பிறகு தொடை முறிந்த வீரர்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. நாங்களோ ஒரு மூங்கில் தப்பையைக்கூட வைத்துக் கட்டவில்லை. மூங்கில் காட்டுக்குள் நின்றுகொண்டு!

முழு அறுவையின் கதை வேறு. நீள எலும்புகளை 24 மணி நேரத்துக்குள் சரிசெய்துவிட வேண்டும் என்ற கொள்கை 1980களில் ஓங்கியது. பலருக்கு அது நன்மையே செய்தது. ஆனால் குருதி இழந்து, உடல் குளிர்ந்து, இரத்தம் உறையும் தன்மையும் கெட்டுக் கிடப்பவனுக்கு அந்த அறுவையே இரண்டாம் விபத்தாகிவிடும். எலும்பின் மஜ்ஜைக் குழியைக் குடையும்போது கொழுப்புத் துளிகள் நுரையீரலுக்குப் போய்ச் சேருகின்றன. எனவே 2000ஆம் ஆண்டையொட்டி, முதலில் வெளிச்சட்டம், உடல் தேறிய பின் உள்கம்பி என்ற முறை வலுப்பெற்றது. கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் வகுத்த மதிப்பெண் முறையும், திறந்த முறிவுள்ள காலைக் காக்க முடியுமா என்று கணிக்கையில் தோல், எலும்பு, தசையோடு, பிற பெருங்காயங்களையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் சேர்த்தே எண்ணுகிறது.

இதை அன்று யாராவது எங்கள் மொழியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் நான் தாள் கேட்டிருக்க மாட்டேன். அறுவைக்குக் கையெழுத்து வாங்கும் நேரத்தில் அதைச் சொல்ல முடியாதா?

2021இல் வந்த 'நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்துக்கு உரியது. 2024 ஏப்ரலில் நம் மலைப்பாதையில் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போனதை நாம் மறக்கவில்லை; அத்திட்டம் வேண்டியதுதான். ஏணியிலிருந்து விழுகிறவனை எந்தக் கணக்கில் வைப்பது? தோட்டத்துக்கு ஒரு தூக்குப்படுக்கை, நாலு சிம்பு, கட்டத் தெரிந்த இருவர் இருந்தால் பாதி வழி கடந்துவிடலாம். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமை அடுத்த முறை மிளகுக் காலத்துக்கு முன் எங்கள் மலையில் நடத்துங்கள். கட்டிக் காட்ட நான் வருகிறேன்.

சித்தப்பா இப்போது சற்றே சாய்ந்து நடக்கிறார், ஏணி ஏறுவதில்லை. புத்தூருக்குப் போயிருந்தால் அந்தச் சாய்வும் இருந்திராது என்று பெரிய மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.