வண்டுகொல்லி இலையும் பொறுப்பற்ற வைத்தியமும்



நபிவழி மருத்துவம் என்னும் பெயரில் நம் வீடுகளில் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. பிள்ளையின் தலையில் படர்தாமரையா? கருஞ்சீரக எண்ணெய். வீட்டுப் பூனைக்கு முடி கொட்டிச் செதில் உதிர்கிறதா? அதற்கும் அதே எண்ணெய். "இயற்கையானது தீங்கு செய்யாது" என்பதே இவர்கள் காட்டும் ஆதாரம். இது ஆதாரமன்று, அறியாமை.

மூலிகைக்கு ஆற்றலில்லை என்று நாம் கூறவில்லை. வண்டுகொல்லி எனப்படும் சீமை அகத்தியின் இலையை அரைத்துப் படர்தாமரைக்குப் பூசுவது நெடுநாள் வழக்கம். அதிலுள்ள கிரைசோபனிக் அமிலம் பூஞ்சையை ஒடுக்கவல்லது. தோலில் தோன்றும் சிறு வட்டத்திற்கு அது பயன்படலாம். தலையில் வந்த படர்தாமரையோ முடியின் வேருக்குள் குடியிருக்கிறது. இலைச்சாறாயினும் கடைக் களிம்பாயினும், மேலே பூசுவது மட்டும் அதைத் தீர்க்காது. மருத்துவர் தரும் மாத்திரையைப் பல வாரங்கள் உட்கொண்டாக வேண்டும். காலந்தாழ்த்தினால் அவ்விடம் வீங்கிச் சீழ்கட்டி, முடி மீண்டும் முளைக்காமலே போகக்கூடும். அதற்குள் மக்தபில் தொப்பியை மாற்றி அணியும் பிள்ளைகளுக்கும் அது பரவிவிடும்.

பூனையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உடலில் பூசியதை அது நக்கி விழுங்கும். மனிதருக்கென விற்கப்படும் டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு நஞ்சு. நடுக்கமும் தள்ளாட்டமும் கண்டு உயிரும் போகலாம். பூனையைப் பட்டினியிட்டுக் கொன்ற பெண்ணின் செய்தியை மேடைதோறும் சொல்லும் சமுதாயம் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சை பூனையிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுகிறது. நலமாகத் தோன்றும் பூனையும் அதைச் சுமந்திருக்கலாம். உதிர்ந்த முடியில் அது மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். பிள்ளைக்கு மட்டும் மருந்திட்டுப் பூனையை விட்டுவிட்டால் நோய் திரும்பி வரும்.

"கருஞ்சீரகம் குறித்து ஹதீஸ் உள்ளதே!" என்பர். உள்ளது, அதை நம்புகிறோம். ஆயின் மருந்து தேடுமாறு பணித்தவரும், நோயுற்ற ஒட்டகத்தை நலமுள்ள ஒட்டகத்தோடு சேர்க்கலாகாது எனத் தடுத்தவரும், மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவன் விளைவுக்குப் பொறுப்பாளி என எச்சரித்தவரும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். ஒன்றை உயர்த்திப் பிடித்து மூன்றை மறைப்பதா சுன்னத்?

பிள்ளையைத் தோல் மருத்துவரிடமும் பூனையைக் கால்நடை மருத்துவரிடமும் ஒரே வாரத்தில் கொண்டு செல்லுங்கள். சீப்பு, தொப்பி, துண்டு ஆகியவற்றைத் தனித்தனியாக்குங்கள். அறியாததைப் பிறருக்குப் பரிந்துரைக்கும் முன், மறுமையில் அதற்கும் கேள்வி உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.