இரண்டு சட்டங்கள்

கொருக்குப்பேட்டையில் பழைய ஆஸ்டின் ஏ40 கார் ஒன்று உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததாக வைத்துக் கொள்ளுங்கள். அதற்குப் பிறந்தகம் இங்கிலாந்து. புக்ககம் பக்கத்து எண்ணூர். அங்கேதான் 1949-லிருந்து அசோக் மோட்டார்ஸார் அதைப் பூட்டி விற்றார்கள். பின்னாளில் அசோக் லேலண்டு ஆனதும் அவர்களே.

"கடற்காற்றிலே சேஸிஸ் துருவேறிவிட்டது, ஸார். வேறொன்று வாங்கிப் போட்டால் என்ன?" என்பீர்கள். அவசரப்படாதீர்கள்!

ஏ40-ல் சேஸிஸ் தனி, மேல்கூடு தனி. பட்டறைக்காரர் கழற்றி மாற்றிவிடுவார். ஆனால் இரும்புச் சட்டத்தைத் தவிர சர்க்கார் சட்டம் என்றும் ஒன்று இருக்கிறதே! 2021-ல் வந்த மத்திய விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய கார் பூர்விக உருவில் இருந்தால்தான் 'விண்டேஜ்' அந்தஸ்து. சேஸிஸில் மாறுதல் செய்தால் அது போச்சு. ஆர்.சி. புத்தகத்து நம்பரும் வண்டி நம்பரும் ஒத்துப் போகாவிட்டாலோ, தலைவலி வேறு.

ஆகவே முதலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் இரும்பு, மொத்தென்றால் துரு. சமதரையில் நிறுத்தி மூலைக்கு மூலை குறுக்கே அளவெடுங்கள். இரண்டு அளவும் ஒன்றானால் கோணல் இல்லை. அரித்த இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்துப் பற்ற வையுங்கள். நம்பர் பொறித்த இடத்தை மட்டும் தொடவே வேண்டாம். முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடியோடு பொடிந்து போயிருந்தால்? அதே ரகச் சேஸிஸாகத் தேடுங்கள். ஆனால் பணம் கொடுக்குமுன் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறிக் கேட்டுவிடுங்கள். வளைந்த இரும்பை நிமிர்த்திவிடலாம்; மற்றச் சட்டம் நமக்காக வளையாது!