உழவர் கேள்வி: கம்ப்யூட்டரில் கிறுக்கலாக எழுத்து வருகிறதா?

கேள்வி: பாலிடெக்னிக் படிக்கும் என் மகன், மண் ஈரம் பார்த்துச் சொட்டுநீரைத் திறக்கும் கருவியை இஎஸ்பி 8266 போர்டில் செய்து தந்தான். மோட்டார் ஓடும்போது அது நின்று நின்று கிளம்புகிறது. தக்காளி இரண்டு முறை வாடிவிட்டது. யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் பார்த்தால், கிளம்பும்போது கிறுக்கலாக எழுத்து வருகிறது. போர்டு கெட்டுவிட்டதா?

பதில்: கிறுக்கலை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அனுப்பும் வேகமும் வாங்கும் வேகமும் ஒன்றாக இல்லை. ஒருவர் சின்னப் படியிலும் இன்னொருவர் பெரிய படியிலும் அளந்தால் கணக்கு உதைக்கும் அல்லவா, அதுபோலத்தான்.

இந்தச் சிப் கிளம்பும்போது வினாடிக்கு 115200 என்ற வேகத்தில் பேசும். ஆனால் அது 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கான கணக்கு. போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது 26 மெகாஹெர்ட்ஸ். அதனால் வேகம் 74880 ஆகிவிடுகிறது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜர் பட்டியலில் இந்த எண் கிடையாது. அங்கே தேடி அலைய வேண்டாம். பெரும்பாலான மென்பொருள்கள் தமக்கு வேண்டிய வேகத்தைத் தாமே டிரைவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

செய்ய வேண்டியவை:

1. முதலில் மெயினை நிறுத்தி, ரிலேயிலிருந்து மோட்டார் பக்கத்து ஒயரைக் கழற்றிவிடுங்கள். அதன்பிறகே யுஎஸ்பியைச் செருகுங்கள்.

2. அர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டரில் 74880 என்ற வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

3. மகன் எழுதிய புரோகிராமில் சீரியல் வேகம் 9600 அல்லது 115200 என்று இருந்தால், அதையும் 74880 ஆக்கச் சொல்லுங்கள். அப்போது முதலிலிருந்து கடைசிவரை எழுத்து தெளிவாக வரும்.

4. ரிலேயை மட்டும் இயக்கிப் பாருங்கள். போர்டு மறுபடி கிளம்பினால், 'ஆர்எஸ்டி காஸ்' என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1 என்றால் மின்சாரம் விட்டு வருகிறது. ரிலேக்குத் தனி சப்ளை கொடுங்கள். 2 என்றால் ரீசெட் முனை தூண்டப்பட்டது. யுஎஸ்பி செருகும்போதும் மானிட்டரைத் திறக்கும்போதும் இது வரலாம். 4 என்றால் புரோகிராம் எங்கோ சிக்கி நிற்கிறது.

ரிலேயை மட்டும் இயக்கும்போது கோளாறே வரவில்லையா? அப்படியானால் சந்தேகம் மோட்டார் பக்கம்தான். ஸ்டார்ட்டர் காயிலில் எழும் மின்பொறி போர்டைக் குலைக்கக்கூடும். அதற்கு ஸ்நப்பர் பொருத்துவது எலக்ட்ரீஷியன் வேலை. நீங்கள் கை வைக்காதீர்கள்.

கோளாறு தீரும்வரை வால்வைக் கையால் திறந்து மூடுங்கள். தக்காளிக்குத் தண்ணீர் ஒரு நாள் மிகுந்தும் ஒரு நாள் குறைந்தும் போனால், காயின் அடிப்பக்கம் கருத்து அழுகும், பழம் வெடிக்கும். காலையில் வேர்ப்பகுதி மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் உடனே தண்ணீர் விடுங்கள். கருவி சரியான பிறகும் இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.