புது ஓட்டுநரும் சேம அச்சும்

கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்த காலை, எம்மினும் ஈராண்டு மூத்தவரும் எம்மோடு ஒரே பள்ளியிற் பயின்றவருமாகிய நண்பரொருவர் எம்மைக் காண வந்தார். நலம் வினவிய பின்னர்த் தம் சட்டைப் பையினின்று சிறு அட்டையொன்றை எடுத்து எம் கையிற் கொடுத்தார். அது கனரக வண்டி ஓட்டுதற்குரிய உரிமம். மகிழ்ந்து வாழ்த்தினோம். அவர் முகத்தில் மகிழ்ச்சி காணப்படவில்லை. "இதைப் பெற்று ஏழு மாதமாகிறது, தம்பி. இன்றுவரை ஒரு லாரியின் ஸ்டியரிங்கைத் தொட எவரும் விடவில்லை" என்றார்.

அவர் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஆபீஸ் தோறும் ஏறி இறங்கியவர். சென்றவிடமெல்லாம் கேட்கப்பெற்ற வினா ஒன்றே: "எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறாய்?" இதுவே முதல் வேலை என அவர் விடை கூறினால், "கை பழகிக்கொண்டு வா" என்பர். எங்கே சென்று பழகுவது, யாருடைய வண்டியிற் பழகுவது என்று கேட்டால் அதற்கு விடையில்லை. நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்கலாம் என்று கட்டளையிட்டால், கரையில் நிற்பவன் என்றுதான் நீந்துவான்?

இஃது ஒருவர்க்கு நேர்ந்த தனித்துன்பமாயின் இப்பத்திரிகையின் பக்கங்களை இதற்கெனக் கேட்க யாம் துணியோம். நம் கல்லூரியின் மாணவர் பலர் வந்த ஊர்களில் இதனையொத்த செய்தி வீட்டுக்கொன்றாக உண்டு. மற்றொரு புறமோ, லாரி உடைமையாளர் ஓட்டுநர் கிடைக்கவில்லையென்று ஓயாது முறையிடுகின்றனர். நாமக்கல் வட்டாரம் வண்டிக்குக் கூடு கட்டும் தொழிலாலும், சமையல் எரிவாயு கொண்டுசெல்லும் டாங்கர் லாரிகளாலும் இந்தியா முழுவதும் அறியப்பட்டது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளாற் பெயர் பெற்றது. இத்தகைய நாட்டிலே ஓட்டுநரின்றி வண்டி நிற்கிறது. வண்டியின்றி ஓட்டுநர் நிற்கிறார். இரண்டும் மெய்யே. இவ்விரண்டிற்கும் இடையே முறிந்து கிடக்கும் பாலம் யாது என்பதே ஈண்டு நாம் ஆராயற்பாலது.

முதலிற் சட்டத்தை நோக்குவோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 20 வயது நிரம்பாதவர் சரக்கு வண்டி ஓட்டலாகாது. இலகுரக வண்டியின் உரிமத்தை ஓராண்டேனும் வைத்திருந்த பின்னரே கனரக வண்டிக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். எட்டாம் வகுப்புத் தேறியிருத்தல் வேண்டும் என்றிருந்த விதி 2019-இல் நீக்கப்பெற்றது. 2021-இல் வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களிற் கனரக வண்டிக்கான பாடம் 6 வாரங்களில் 38 மணி நேரம். இவையனைத்தும் தக்கனவே. ஆயினும் 38 மணி நேரம் பயின்ற ஒருவரிடம், சரக்கோடு 28 டன்னைக் கடக்கும் பத்துச்சக்கர லாரியை ஒப்படைத்து, தனியே வடநாடு சென்று வருக என விடுப்பது பொருந்துமா? பொருந்தாது என்பதை உடைமையாளர் அறிவர், ஓட்டுநரும் அறிவர். உரிமம் என்பது கற்கத் தொடங்குதற்குரிய சான்றேயன்றிக் கற்று முடித்தமைக்குச் சான்று அன்று.

முற்காலத்தில் இக்குறையைக் கிளீனர் முறை நிரப்பியது. பதினைந்து பதினாறு வயதில் ஒருவன் லாரியிலேறுவான். கண்ணாடி துடைப்பான், டயர் கழற்றுவான், தார்ப்பாய் போர்த்துக் கயிறு இறுக்குவான், பின்னோக்கி வண்டி வரும்போது தட்டிக் குரல் கொடுப்பான். ஓட்டுநர் கண்ணயரும் நேரத்தில், ஆளரவமற்ற சாலையில், உரிமமின்றியே ஸ்டியரிங்கைப் பிடிப்பான். இவ்வாறு சில ஆண்டு கழிந்தபின் உரிமம் பெற்று ஓட்டுநராவான். முதல் வேலையை அவன் தேட வேண்டியிருந்ததில்லை. வேலை அவனைத் தேடிற்று. என்னை? அவன் கையை உடைமையாளர் முன்னரே அறிந்திருந்தார்.

அம்முறையை மீளக் கொணர்க என்று யாம் கூறோம். பள்ளியை விட்டுப் பிரிந்த சிறுவர்தம் உழைப்பின்மீதும், வசையின்மீதும், சட்டமீறலின்மீதும் அது நின்றது. அது மறைந்தது நன்று. ஆனால் ஏணியை எடுத்தவர் வேறோர் ஏணியைச் சார்த்தவில்லை. டீசல், டயர், சுங்கச்சாவடி ஆகியவற்றின் செலவு ஏற ஏற, முதலிற் கிளீனர் நீக்கப்பட்டார். தேசிய பெர்மிட் வண்டிகளில் இரண்டு ஓட்டுநர் இருத்தல் வேண்டும் என்றிருந்த விதியும் 2018-இல் தளர்த்தப்பெற்றது. அதனால் இரண்டாம் இருக்கையும் வெறிதாயிற்று. புதியவர் அமர்ந்து கற்றற்கென இருந்த இடம் அவ்விருக்கை ஒன்றேயன்றோ?

உடைமையாளரைக் கொடியவரெனக் கூறுதல் நீதியன்று. நம் நாட்டில் லாரி உடைமையாளருட் பலர் ஒரு வண்டியோ இரு வண்டியோ வைத்திருப்பவரே. அவருள்ளும் பலர் முன்னாள் ஓட்டுநர். வண்டி கடனால் வாங்கப்பட்டது. வண்டி பட்டறையில் நின்றாலும் மாதத் தவணை நில்லாது. காப்பீடு, எப்.சி., சாலைவரி எனச் செலவு வரிசையாக வரும். கை பழகாதவர் கிளச்சைத் தேய்த்தாலும், கியர்ப்பெட்டியை உடைத்தாலும், ஒருவர் உயிர்க்கு ஊறு விளைத்தாலும், அக்குடும்பம் வீதிக்கு வரும். ஆகலின் அவர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தைத் தனியொருவர் தோளிற் சுமத்தி, "நீர் தருமஞ் செய்க" என்று உபதேசிப்பதாற் பயனில்லை.

அவ்வச்சத்திற்குக் காரணமுண்டு என்பதைத் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாய் நாள்தோறும் காட்டுகின்றது. பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் நெடுஞ்சாலை அங்கே நெடுந்தூரம் சரிந்திறங்குகிறது. டீசலை மிச்சப்படுத்தக் கருதிக் கியரை நியூட்ரலில் விட்டு இறங்குவோர் உளர். அப்போது இஞ்சின் வண்டியைத் தாங்குவதில்லை. முழுப்பாரமும் பிரேக்கின்மேல் விழுகிறது. மீண்டும் மீண்டும் மிதிக்கப்பெற்ற பிரேக் டிரம்கள் கொதித்துப் பிடியிழக்கின்றன. பின்னர் நிகழ்வதைச் செய்தித்தாளிற் படிக்கிறோம். எந்தச் சரிவில் எந்தக் கியரில் இறங்குவது, ஏற்றப்பட்ட சரக்கு எப்பக்கம் சாயும் இயல்பினது, காற்றழுத்தமானியின் முள் எவ்விடத்தில் வந்தால் வண்டியை நிறுத்துவது என்பனவற்றை மைதானத்து எட்டு வடிவப் பாதை கற்பியாது. அருகே அமர்ந்த மூத்தவர் ஒருவரே கற்பிக்க வல்லார்.

நிற்க. தமிழ் பயிலும் மாணவராகிய யாம் இச்செய்தியை எண்ணுந்தோறும் புறநானூற்றின் 102-ஆம் பாட்டு நினைவில் எழுகின்றது. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது அது. உப்பு வாணிகராகிய உமணர் பாரவண்டியோடு புறப்படுகின்றனர். எருதுகள் இளையன, நுகத்தடிக்குப் பழகாதன. ஏற்றிய பண்டமோ பெரிது. வழியிற் பள்ளமும் மேடும் வரும். என்ன நேரும் என்று யாரறிவார்? ஆதலின் அவ்வுமணர் வண்டியின் கீழே மற்றோர் அச்சைக் கட்டிக்கொண்டு செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதனைப் போன்றவன் அவ்விளங்கோ எனப் புலவர் புகழ்கின்றார்.

உமணர் செய்ததை உற்று நோக்குமின். எருது இளையதென்று அதனைத் தொழுவிலேயே கட்டிவைத்தாரல்லர். இளையதையும் பூட்டினர், இடர் வருமென்பதையும் மறந்திலர், இடருக்கு ஒரு காப்புச் செய்துகொண்டு வழிச்சென்றனர். அதியமான் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. அந்நாட்டு மேட்டையும் பள்ளத்தையும் கடந்தே இன்றைய லாரிகளும் செல்கின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முன் உப்பு விற்றவர்க்கு இருந்த நெறி இன்று நமக்கு இல்லாமற் போவதேன்?

இன்றைய சேம அச்சு எது? எம் கருத்தைச் சுருங்கக் கூறுதும். உரிமம் பெற்ற புதியவர் ஒவ்வொருவரும் முதல் ஆறு மாதம் மூத்த ஓட்டுநர் ஒருவரோடு துணை ஓட்டுநராகச் செல்லுதல் வேண்டும். பகலில், வெறுவண்டியில், நேர்ச்சாலையில் முதலில் ஓட்டுக. பின் பாரத்தோடு ஓட்டுக. அதன் பின்னரே இரவும் மலைச்சாலையும். சென்ற தூரமும் வழியும் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பெற்று மூத்தவரால் ஒப்பமிடப்படல் வேண்டும். அக்குறிப்பேடே, "எத்தனை வருடம் ஓட்டினாய்?" என்னும் வினாவிற்கு விடையாகும். இக்காலத்திற்குரிய உதவித்தொகையைப் பயிற்சித் தொழிலாளர்க்கென 1961-இல் இயற்றப்பெற்ற சட்டத்தைப் பின்பற்றியேனும், அரசும் உடைமையாளர் சங்கங்களும் பகிர்ந்தேனும் அளிக்கலாம். மூத்தவர்க்கும் கற்பித்தற்கெனத் தனிப் படி உண்டாக வேண்டும். கூலியின்றிக் கற்பிக்குமாறு எவரையும் கேட்டல் முறையன்று. இவ்வாறு பழகியவரை அமர்த்தும் உடைமையாளர்க்குக் காப்பீட்டுக் கழகங்கள் கட்டணத்திற் சிறிது குறைக்குமாயின், அச்சம் பாதி தீரும். செலவு மிகுமே என்பார்க்கு யாம் கூறுவது: தொப்பூர்ச் சரிவில் ஒரு வண்டி புரண்டால் ஆகும் செலவை இதனோடு ஒப்பிட்டுக் கணக்கிடுக.

இவையெல்லாம் நிறைவேறுமளவும் புதியவர் வாளா இருத்தல் வேண்டா. முதல் வேலை நெடுஞ்சாலையில்தான் கிடைக்கவேண்டுமென்பதில்லை. பால் வண்டி, முட்டை வண்டி, தண்ணீர் லாரி, ஊர்க்குள்ளே சரக்கு இறக்கும் சிறுவண்டி ஆகியவற்றிற் கை பழகலாம். இலகுரக உரிமம் உடையவர், மொத்த எடை 7,500 கிலோவிற்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி ஒப்புதலின்றி ஓட்டலாமென 2024 நவம்பரில் உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. ஆகலின் இவ்வழி முன்னினும் அகன்றுள்ளது. எரிவாயு, பெட்ரோல் முதலிய அபாயப் பொருள் வண்டிகட்கு அதற்குரிய தனிப் பயிற்சிச் சான்றும் உரிமத்திற் குறிப்பும் வேண்டும். அவை முதல் வேலைக்கு ஏற்றனவல்ல. வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் தரகரை நம்பற்க. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அளவு மீறிய பாரத்திற்கு உடன்படற்க. 2019-இன் திருத்தப்படி அதற்குத் தண்டம் 20,000 ரூபாய், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். தூக்கம் வருங்கால் "தூக்கம் வருகிறது" என்று கூறும் துணிவையும் முதல் நாளே பழகிக்கொள்க. 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என வரையறுத்தது. ஐவரினும் குறைந்த தொழிலாளரையுடைய நிலையங்களை அது தீண்டவில்லை. ஒற்றை வண்டிக்காரரிடம் பணிபுரிந்தவர்க்கு அச்சட்டம் ஏட்டளவிலேயே நின்றது.

இனி நம்மை நோக்கி ஒரு சொல். லாரி ஓட்டப் போகின்றேன் என்று ஒருவன் கூறின், படிப்பு ஏறாதவன் என நாம் நகைக்கின்றோம். நம் விடுதியின் அரிசியும், நம் நூலகத்தின் புத்தகங்களும், இம்மலர் அச்சாகும் தாளும் யார் கொண்டுவந்தவை? 2025 அக்டோபர் 1 முதல் செய்யப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறையிற் குளிர்சாதனம் கட்டாயமாயிற்று. அவர்தம் உடலின் வெப்பத்தைத் தணிக்கச் சட்டம் வந்தது. மதிப்பைத் தரச் சட்டம் வாராது. அதனை நாமே தருதல் வேண்டும்.

திராட்சத் தோட்டத்து உவமையை நம் சிற்றாலயத்திற் பலகாலும் கேட்டிருக்கிறோம். மாலைவரை சந்தை வெளியில் நின்றவரைச் சோம்பரென்று தோட்டக்காரர் கடிந்திலர், காரணம் வினவினார். தம்மை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்கள் கூறிய விடை. அவ்விடையை அவர் ஏற்று, அந்நேரத்திலும் அவரை உள்ளே அனுப்பினார். எம் நண்பர் சங்ககிரியில் ஏழு மாதமாகக் கூறிவருவதும் அவ்விடையையே. இக்கல்லூரியின் பழைய மாணவருள் லாரி வைத்திருப்பாரும், காப்பீட்டுக் கழகத்திற் பணியாற்றுவாரும், அரசு அலுவலிலிருப்பாரும் இவ்விதழைப் படிக்கக்கூடும். அவர்களை யாம் வேண்டுவது பெரிதன்று. அடுத்த முறை ஓர் இளைஞர் தம் வாயிலில் உரிம அட்டையோடு நின்றால், எத்தனை ஆண்டு ஓட்டினாய் என்பதோடு நில்லாது, "யாரோடு அமர்ந்து பழக விருப்பம்?" என்றும் ஒருமுறை கேட்டருள்க. இரண்டாம் இருக்கை இன்னும் வெறிதாகவே இருக்கின்றது.