பாக்கெட் விதையில் என்ன ஆராய்ச்சி?

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், புரோக்கோலி... பார்க்க வேறு வேறு. ஆனால் தாவரவியலில் எல்லாம் ஒரே இனம்தான்: பிராசிகா ஒலரேசியா. சீராக வளரும், விதை கடையிலேயே கிடைக்கும். அதனால் ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் பூச்சிக்கும் செடிக்குமான சண்டையை ஆராய்பவர்கள் பலர் கடை பாக்கெட்டைப் பிரித்துத் தொட்டியில் விதைத்துவிடுகிறார்கள். வசதிதான், ஆனால் சரியா?

பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். அதன் தாய், தந்தை யார் என்பது விதை நிறுவனத்தின் ரகசியம். அந்தச் செடியிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே செடி வராது. விற்பனை குறைந்து நிறுவனம் ரகத்தை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது! பத்து வருஷம் கழித்து அந்தச் சோதனையைச் சரிபார்க்க நினைப்பவர் விதைக்கு எங்கே போவார்?

அடுத்தது, விதைமேல் பூசிய மருந்து. பூஞ்சைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ பூசி விற்பது சாதாரணம். பூச்சிக்கொல்லி பூசிய விதையில் முளைத்த கன்றில் அசுவினி செத்தால், அது செடியின் திறமையா, மருந்தின் வேலையா?

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் கசப்பு. இங்கிலாந்தின் கடலோரப் பாறைகளில் காட்டு முட்டைக்கோஸ் இன்றும் வளர்கிறது. இந்த இனத்தின் ஆயுதமே குளுக்கோசினோலேட்டுகள். புழு கடித்ததும் இவை உடைந்து கடுகின் காரம் கிளம்பும். மனித நாக்குக்காக அந்தக் கசப்பையும் காரத்தையும் குறைத்துக்கொண்டே வந்தவர்கள் காய்கறி ரகங்களை உருவாக்கியவர்கள். ஆயுதத்தைப் பிடுங்கிய சிப்பாயை வைத்துப் போர்க்கலை எழுதலாமா?

'விவசாயி பயிரிடுவது இந்த ரகங்களைத்தானே?' என்று கேட்கலாம். நியாயம். கேள்வி விவசாயியின் வயலைப் பற்றியது என்றால் கடை ரகம்தான் சரி. 'தாவரங்கள் இப்படித்தான் தற்காத்துக்கொள்கின்றன' என்று பொதுவாக முழங்கும்போதுதான் தப்பு.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2014-ல் மரபணுத்தொகுதி வெளியான டிஓ1000 போன்ற தூய வரிசைகள் தலைமுறை தாண்டியும் மாறாதவை. காட்டு வகைகளின் விதைகள் மரபணு வங்கிகளில் உண்டு. கடை ரகத்தோடு இவற்றில் ஒன்றையும் சேர்த்து வளர்த்தால் என்ன குறைந்துவிடும்?

அதுவும் முடியாதென்றால் ரகத்தின் பெயர், லாட் எண், விதைக்கு மருந்து பூசியதா இல்லையா, இந்த மூன்றையாவது கட்டுரையில் எழுதட்டும். 'கடையில் வாங்கிய முட்டைக்கோஸ்' என்பது சமையல் குறிப்புக்குப் போதும். ஆராய்ச்சிக்குப் போதாது.