பானெட் பளபளக்கணும், சரி. நெஞ்சுக்கூடு?

"மருந்தடிக்கப் போறப்ப மூக்குல ஒரு துண்டைக் கட்டிக்கிட்டுப் போறீங்களே மச்சான், இது ஒரு பாதுகாப்பா? உயிர் மேல ஆசையே இல்லையா உங்களுக்கு?"

ரெண்டு வருசத்துக்கு முன்னால் என்னை இப்படிக் கேட்டவர் என் தங்கச்சி வீட்டுக்காரர். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். துண்டு பூச்சிமருந்தைத் தடுக்காது. நனைந்த துண்டு மருந்தை மூக்குப் பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த வாரமே டவுனுக்குப் போய் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க்கும் ரப்பர் கையுறையும் வாங்கிவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அது இல்லாமல் டேங்கை முதுகில் ஏற்றுவதில்லை.

அதே மனுசர் போன மாசம் தோட்டத்துக்கு வந்தார். காரோட டிக்கியில் ஒரு சின்ன கம்ப்ரஸர், ஸ்ப்ரே கன், கிளியர் கோட் டப்பா, அதுக்கு ஒரு ஹார்ட்னர் டப்பா, வாட்டர் பேப்பர் ஒரு கட்டு. பையில் ஒரு கைக்குட்டை.

"மாப்ள, இதெல்லாம் என்னங்க?"

"பானெட்டுல கிளியர் கோட் உரியுது மச்சான். வீடியோ பார்த்தேன், நாமளே பண்ணிரலாம். அபார்ட்மென்ட்ல ஸ்ப்ரே அடிக்கக் கூடாதுன்னு செகரட்டரி சொல்லிட்டாரு. அதான் இங்க, மாட்டுக் கொட்டாய்ல வெச்சு அடிச்சுக்கலாம்னு..."

இந்தப் பதிவு அந்த 'இங்க' என்ற வார்த்தைக்காகத்தான். உங்கள் அபார்ட்மென்ட் காற்றில் கலக்கக் கூடாது என்று செகரட்டரி சொன்ன சமாச்சாரம், என் மாடும் அதன் கன்றும் மூச்சு விடுகிற கொட்டாயில் கலந்தால் பரவாயில்லையா?

முதலில் நோயைச் சொல்கிறேன். காரில் நாம் பார்க்கும் பளபளப்பு கலரோடது இல்லை. தகரத்து மேல் பிரைமர், அதுக்கு மேல் கலர் தருகிற பேஸ் கோட், எல்லாத்துக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். அந்த மேல் தோல் சுமார் 40, 50 மைக்ரான்தான். நம்ம தலைமுடியின் பருமன்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்கான சரக்கை அதில் கலந்திருப்பார்கள். வருசக்கணக்கில் வெயிலில் நின்றால் அது தீர்ந்துபோகும். முதலில் மங்கும், பிறகு வெள்ளை பூக்கும், கடைசியில் பாம்புச் சட்டை மாதிரி உரியும். பானெட்டும் டாப்பும் டிக்கியும்தான் முதலில் போகும், வானத்தைப் பார்த்துக் கிடப்பவை அவைதானே. மாட்டுக்குக்கூட நாங்கள் நிழல் பார்த்துத்தான் கட்டுகிறோம். பல லட்ச ரூபாய்க்கு வாங்கின காரை நீங்கள் பகல் முழுக்கத் தார் ரோட்டு வெயிலில் நிறுத்துகிறீர்கள்.

இப்போது வீடியோக்காரர்களின் பொய்களுக்கு வருகிறேன்.

முதல் பொய், எண்ணெய் தேய்த்தால், வேக்ஸ் போட்டால், பாலிஷ் அடித்தால் சரியாகிவிடும் என்பது. ஈரமான கல் பளிச்சென்று தெரிகிற மாதிரிதான் இதுவும். ஒரு மழை, ரெண்டு கழுவல், பழையபடி ஆகிவிடும். மங்கின நிலையில் இருந்தால் பாலிஷால் கொஞ்சம் மீட்கலாம். உரிந்த தோலைப் பாலிஷ் ஒட்ட வைக்காது.

ரெண்டாவது பொய், உரிந்த இடத்தில் மட்டும் திட்டாக அடித்தால் போதும் என்பது. பழைய கிளியர் கோட்டின் ஓரம் ஏற்கெனவே பிடி விட்டுப்போய் இருக்கும். அது மேல் புதுசை அடித்தால் ரெண்டும் சேர்ந்து உரியும். முறைப்படி செய்வதானால் பானெட் முழுக்கக் கழுவி, மெழுகும் எண்ணெயும் போகத் துடைத்து, பிடிப்பில்லாத தோலை எல்லாம் தேய்த்து எடுக்கணும். ஓரத்தைக் கையால் தடவினால் மேடு தட்டாத அளவுக்கு 600, 800 நம்பர் வாட்டர் பேப்பரில் சரிவாக இழைக்கணும். இழைக்கும்போது தண்ணியில் கலர் கரைந்து வந்தால் பேஸ் கோட்டில் கை வைத்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்கப்புறம் கலரும் அடித்தாகணும், கார் கோடுக்குச் சரியான கலரே வாங்கணும். கடைசியாகத்தான் பானெட்டின் ஓரம் வரைக்கும் முழுசாக ரெண்டு மூணு கோட்டு கிளியர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு. காய்ந்த பிறகு 2000 நம்பர் பேப்பர், அப்புறம் கம்பவுண்ட். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிகிற வேலையா இது?

மூணாவது பொய்தான் கொடுமை. அதை யாரும் வாயால் சொல்வதில்லை. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடித்துக் காட்டுகிறார்கள்.

கிளியர் கோட் ரெண்டு வகை. ஹார்ட்னர் இல்லாமல் கேனில் வருவது ஒன்று. தின்னர் ஆவியாகிக் காயும், அவ்வளவுதான். பெட்ரோல் சிந்தினாலே இளகிவிடும், ஆயுசும் குறைவு. இன்னொன்று ஹார்ட்னர் கலந்து அடிப்பது, 2கே என்பார்கள். அடியில் இருக்கும் பட்டனைக் குத்திக் கலக்கிற கேனும் இந்த ஜாதிதான். நாள்பட நிற்பது இதுதான். அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட்.

பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கா? 1984 டிசம்பரில் போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். டப்பாவில் இருப்பது அதே சரக்கு என்று நான் பயமுறுத்தவில்லை. இது வேறு, ஆனால் அதே குடும்பம். காய்ந்து இறுகின பிறகு தொல்லை இல்லை. துளித்துளியாகக் காற்றில் பறக்கிற நேரம்தான் ஆபத்து. உள்ளே போனால் சிலருக்கு ஆஸ்துமா பிடித்துக்கொள்ளும். ஒருதரம் உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இறுகும். அளவுக்கு மீறினாலும் மூக்குக்கு வாசனை தெரியாது. நமக்கு அடிக்கிற நாத்தம் தின்னரோடது. அதனால்தான் முறையான பட்டறைகளில் வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாயில் வருகிற மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, காற்றை இழுத்து வடிகட்டும் பூத்துக்குள் அடிக்கிறார்கள். ஐரோப்பிய யூனியனில் 2023 ஆகஸ்ட் முதல் இந்தச் சரக்கைத் தொழிலாகப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பயிற்சியே கட்டாயம். நம்ம ஊரில் கைக்குட்டை!

2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் இருபது பேருக்கு மேல் செத்தபோது, மாஸ்க் கூடப் போடாத விவசாயி என்று பட்டணத்து நண்பர்கள் நிறைய எழுதினீர்கள். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் மருந்து பாட்டிலிலாவது எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருக்கிறது. உங்கள் டப்பாவில் இருப்பது பொடி எழுத்து இங்கிலீஷ். அதைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தானே? எங்களை அடிக்க வைப்பது பயிர் போய்விடுமே என்கிற பயம். உங்களை அடிக்க வைப்பது எது? பானெட்டில் முகம் தெரியணும், அவ்வளவுதானே?

"அப்போ பட்டறையில் கொடுத்தா மட்டும் அங்க அடிக்கிற பையன் மனுசன் இல்லையா?" என்று மாப்பிள்ளையே கேட்டார். நல்ல கேள்வி. ரோட்டோர ஷெட்டில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிற பையனிடம் கொடுத்தால், நம்ம மூச்சுக்குப் பதிலாக அவன் மூச்சை விற்கிறோம். அதனால் பூத் இருக்கிற பட்டறையாகப் பாருங்கள். அடிக்கிறவர் என்ன மாஸ்க் போடுகிறார் என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அங்கே காசு கூடத்தான் கேட்பார்கள். அதைக் கொடுக்க மனசு வராதவர், விவசாயிக்கு மாஸ்க் உபதேசம் செய்யவேண்டாம்.

வீட்டிலேயே செய்வதற்கும் வேலை உண்டு. உரியாத பாகத்தைக் கழுவி வேக்ஸ் போட்டு நிழலில் நிறுத்துங்கள். பறவை எச்சத்தை அன்றன்றைக்கே தண்ணி விட்டு ஊற வைத்துத் துடையுங்கள். சின்னத் திட்டு கண்ணை உறுத்தினால், ஹார்ட்னர் இல்லாத கேனை, அதுவும் ஐசோசயனேட் இல்லை என்று லேபிளில் பார்த்து, வெட்டவெளியில் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கோடு அடியுங்கள். கொஞ்ச நாள் அழகு என்று தெரிந்தே அடியுங்கள். இல்லையா, சும்மா விடுங்கள். கிளியர் கோட் போனதால் வண்டி நிற்காது. என் டிராக்டருக்குக் கலரே போய்ப் பல வருசமாச்சு, உழவில் ஒரு சால் குறையவில்லை.

மாப்பிள்ளைக்கு அன்றைக்கு முகம் சுருங்கித்தான் போச்சு. டப்பாக்களைப் பிரிக்காமலே டிக்கியில் திரும்ப ஏற்றினார். கிளம்பும்போது தங்கச்சிதான் சொன்னாள், "அண்ணா, வர்ற வழியெல்லாம் இவரு உங்களுக்குப் புது மாஸ்க் வாங்கித் தரணும்னு சொல்லிட்டு வந்தாரு."

"ரெண்டா வாங்கச் சொல்லும்மா" என்றேன்.