கைதிகளுக்குக் கடவுள் பாடம்

"கடவுள் இல்லை என்கிறவனுக்கு இரக்கம் எங்கிருந்து வரும்?" என்று நம்மை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஆஸ்திக சிகாமணிகளுக்கு இந்தோனேஷியா தேசத்துச் சங்கதி ஒன்றை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

1965-ம் வருஷம் அக்டோபர் முதல் தேதி விடியற்காலையில் ஜகார்த்தாவில் ஆறு ஜெனரல்கள் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையே சாக்காகக் கொண்டு ஜெனரல் சுகார்த்தோ என்பவர் பட்டாளத்தைத் தன் வசமாக்கி, 1966 மார்ச்சில் ஜனாதிபதி சுகர்ணோவின் அதிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டார். இடதுசாரி மாதர் சங்கத்துப் பெண்கள் அந்த ஜெனரல்களின் மர்ம ஸ்தானங்களை அறுத்துக் கூத்தாடினார்கள் என்று பட்டாளத்துப் பத்திரிகைகள் எழுதின. பிரேதங்களைச் சோதித்த வைத்தியர்கள் அப்படி எதுவும் நடக்கவில்லையென்று எழுதி வைத்திருந்தும், அக்காகிதம் வெகுகாலம் வெளிவரவில்லை. புரட்டு ஜெயித்தது. சுமார் ஐந்து லட்சம் பேராவது கொல்லப்பட்டிருப்பார்கள் என்பது சரித்திரக்காரர்களின் மதிப்பு. பட்டாளத்தோடு சேர்ந்து வெட்டியவர்கள் யார்? கிழக்கு ஜாவாவில் முஸ்லிம் வாலிபர் படையார். பாலித் தீவில் இந்துக்கள். நாஸ்திகர் சங்கம் எதுவும் அதில் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

உயிர் தப்பியவர்களில் சுமார் 12,000 பேரை 1969 முதல் புரு என்னும் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். விசாரணை கிடையாது, தண்டனைக் காலமும் கிடையாது. காட்டை வெட்டி, ரோடு போட்டு, நெல் விளைவித்துத் தங்கள் சோற்றைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியது. பசிக்கு எலியும் பாம்பும் தின்றார்கள். பிரபல நாவலாசிரியர் பிரமூத்யா அனந்த தூர் 1965-ல் பிடிபட்டு 1979 டிசம்பரில்தான் வெளியே வந்தார். எழுதக் காகிதம் மறுக்கப்பட்ட காலத்தில் கூடவிருந்த கைதிகளுக்கு வாயாலேயே கதை சொன்னார்.

இவ்வளவும் போதாதென்று அங்கே மதபோதனை வேறு! சர்க்கார் ஒப்புக்கொண்ட மதங்களில் ஒன்றைக் கைதி தனக்கு மதமென்று சொல்லியாக வேண்டும். மதமில்லாதவன் கம்யூனிஸ்டு என்பது அவர்கள் கண்டுபிடித்த சூத்திரம். உண்மையில் அக்கைதிகளில் வெகுபேர் தொழுகிறவர்களும் ஜெபிக்கிறவர்களுமே. தொழாதவர்களாகவே இருந்தாலும் அதற்காக ஒரு மனிதனை அடைத்து வைக்க எந்த நியாயம் இடம் கொடுக்கும்? ஒரு பாதிரியார் பிரமூத்யாவின் எழுத்துகளை ஒளித்து வெளியே கொண்டுபோனார் என்பதை நாம் மறைக்கவில்லை. அவரிடத்தில் வேலை செய்தது மனித அபிமானம். வேதத்தைப் பிரசங்கித்த மற்றவர்களுக்கு அது ஏன் வரவில்லை?

நிற்க, விடுதலையானவர்களின் கதியைக் கேளுங்கள். மாஜிக் கைதி என்பதற்கு அடையாளமாக அவர்கள் சீட்டில் ஈ.டி. என்று இரண்டெழுத்துப் பதித்தார்கள். பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் சர்க்கார் உத்தியோகமில்லை, வாத்தியார் வேலையில்லை, பட்டாளத்திலும் இடமில்லை. "சுற்றத்துச் சுத்தம்" வேண்டுமாம்! தகப்பன் தீட்டுப்பட்டவனானால் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் தீட்டு. இந்தச் சாஸ்திரத்தை நமக்குப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மனு எழுதியதைப் பட்டாளம் டைப் அடித்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2023 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி ஜோகோ விடோடோ இவற்றுக்காக வருந்துவதாகச் சொன்னார். சுகார்த்தோவோ இக்கொலைகளுக்காக ஒரு நாளும் கோர்ட்டுப் படியேறாமல் 2008-ல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் காலமானார். இதற்கு ஆஸ்திகர்கள் யாராவது சமாதானம் எழுதி அனுப்பினால் நமது பத்திரிகையில் இடம் கொடுக்கத் தயாராயிருக்கின்றோம்.